கருப்பட்டி மிட்டாயில் துளை எதற்கு?

ஆலங்குளம் என்றதும் தென்காசிக்குப் பக்கத்திலுள்ள ஊரை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். சிவகாசி, சாத்தூர், இராஜபாளையம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில் இருக்கிறது. அங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால் 1970-இல் சிமெண்ட் ஆலை ஒன்று அமைந்தது. இந்தச் சுண்ணாம்பு நம் கதைக்குள் பின்னால் வரப்போகிறது. இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் என் அக்காள் வீடு. கோடை விடுமுறைக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு முடித்திருந்த அக்காள் மகள் அடுப்பங்கரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு தட்டு நிறையப் பழுப்பு வளையங்கள்.

“மாமா, இதைக் கடிச்சுப் பாருங்க” என்றாள்.

கடித்தேன். கல்! உள்ளே பாகு ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

“நேத்துச் செஞ்சது இதுக்கு நேர்மாறு. எண்ணெயைக் குடிச்சுட்டுச் சவசவன்னு கெடந்துச்சு. ரெண்டு தடவையா அரைக் கிலோ கருப்பட்டி போச்சு. அம்மா இனிமே தர மாட்டேன்னுட்டாங்க.”

கருப்பட்டி மிட்டாய் என்பது எங்கள் பக்கத்துத் தின்பண்டம். ஏணி மிட்டாய், சீரணி மிட்டாய் என்றும் சொல்வார்கள். அரிசியும் உளுந்தும் சேர்த்து ஆட்டிய மாவைத் துளையிட்ட துணியில் வைத்து, காய்ந்த எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிந்து, வெந்ததும் எடுத்துக் கருப்பட்டிப் பாகில் போட்டு ஊற வைப்பார்கள். மேல்தோல் மொறுமொறுக்கும். கடித்தால் உள்ளிருந்து பாகு கசியும். சுக்கு மணக்கும். சாத்தூர்க் கடைகளில் இது பேர்பெற்றது.

கடையில் வாங்கித் தின்றால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் வேறொரு காரணம் இருந்தது. இந்த மிட்டாயைக் கைப்பக்குவமாகச் செய்யத் தெரிந்தவர் அவளுடைய அப்பத்தா ஒருவர்தான். அவருக்கு இப்போது கை நடுக்கம். துணியைப் பிடித்துப் பிழிய முடியாது. தமக்குத் தெரிந்ததைச் சொல்லுவார். ஆனால் ஏன் என்று கேட்டால் “அப்படித்தான்” என்பார். அன்றைக்கும் கட்டிலில் உட்கார்ந்தபடியே மூன்று குறை சொன்னார்: “உளுந்தை அரிசியோட சேத்துப் போட்டு ஆட்டிருக்க. தீயைக் கூட்டி வச்சிருக்க. பாகை ஆற விட்டுட்ட.”

மூன்றும் சரி. மூன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு. நாங்கள் இருவரும் அன்று மாலை அந்தக் காரணங்களைத் தேடியதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் முதலில் துளையைப் பற்றி.

உருண்டையும் கயிறும்

மாவை வடை போலவோ போண்டா போலவோ உருட்டிப் போட்டால் என்ன? எதற்காக மெனக்கெட்டு வளையம் சுற்ற வேண்டும்? இதற்குக் கொஞ்சம் வடிவக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

50 கன சென்டிமீட்டர் மாவு இருக்கிறது என்று வையுங்கள். அதை உருண்டையாக்கினால் ஆரம் ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டர் வரும். அதன் மேற்பரப்பு சுமார் 66 சதுர சென்டிமீட்டர். அதே மாவை 1 சென்டிமீட்டர் கனமுள்ள கயிறாகத் திரித்தால் நீளம் 64 சென்டிமீட்டர் வரும்; மேற்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். மாவு அதேதான். ஆனால் எண்ணெயைத் தொடும் தோல் மூன்று மடங்கு!

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உருண்டையின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர 2.3 சென்டிமீட்டர் தூரம் போக வேண்டும். கயிற்றில் அரை சென்டிமீட்டர்தான். மாவு போன்ற பொருளுக்குள் சூடு மெதுவாகத்தான் ஊடுருவும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். நம் உருண்டையின் நடுப்பகுதி வேகக் கயிற்றைவிடப் பத்து மடங்குக்கும் கூடுதலான நேரம் பிடிக்கும் என்று கணக்குச் சொல்கிறது. அதற்குள் மேல்தோல் கருகிவிடும். உளுந்து வடையின் நடுவில் விரலால் துளை போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சரி, கயிறாகவே போட்டுவிடலாமே? 64 சென்டிமீட்டர் கயிற்றை வைக்க எந்த வீட்டிலும் சட்டி இல்லை. துண்டு துண்டாகப் போட்டால் நுனிகள் முதலில் கருகும். சுற்றி வளைத்து முனையோடு முனை சேர்த்துவிட்டால் சட்டியிலும் அடங்கும், நுனியும் இல்லை, திருப்பிப் போடவும் எளிது.

இந்த உண்மையை நம் ஊரார் மட்டும் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இத்தாலி நாட்டில் ரோமாபுரியைச் சுற்றியுள்ள ஊர்களில் சாம்பெல்லினே என்று ஒரு வளைய பிஸ்கட் செய்கிறார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, ஆலிவ் எண்ணெய், திராட்சை மது ஆகியவற்றைப் பிசைந்து, விரல் கனத்துக்குத் திரித்து, வளையமாக்கி, மேலே சர்க்கரையைத் தோய்த்து அடுப்பில் சுடுவார்கள். தெற்கு இத்தாலியில் தரல்லி என்ற வளையம் இன்னும் வேடிக்கை. பல ஊர்களில் அதை முதலில் கொதிநீரில் போட்டு எடுத்துவிட்டு, பிறகுதான் சுடுகிறார்கள். கொதிநீரில் மேல்தோலின் மாவுச்சத்து வெந்து கஞ்சிபோல் ஆகிவிடும். அது சூட்டில் காய்ந்ததும் பளபளப்பான ஓடாகிறது. கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மொடமொடவென்று நிற்கிறதே, அந்த மாதிரி.

“அப்ப நாமளும் எண்ணெய் இல்லாம அடுப்புல சுட்டா என்ன?” என்று கேட்டாள் மருமகள். நல்ல கேள்வி. சுடும் அடுப்பின் உட்காற்றும் 180 டிகிரி செல்சியஸ், பொரிக்கும் எண்ணெயும் 180 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூட்டின் அளவு ஒன்றுதான். ஆனால் ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 900 கிராம் எடை. அதே இடத்தை அடைத்திருக்கும் சூடான காற்று 1 கிராம்கூட இராது. சுமந்து வரும் ஆள் இல்லாமல் சுமை எப்படி வந்து சேரும்? அதனால் எண்ணெயில் சில நிமிடங்களில் முடியும் வேலைக்கு இத்தாலிக்காரருக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. அந்த நேரத்தில் தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறி, பண்டம் முழுவதும் உலர்ந்து பிஸ்கட்டாகிவிடும். அவர்களுக்கு அதுதான் வேண்டும். நமக்கு வேண்டியதோ உலர்ந்த தோலும் பாகு குடிக்கும் உள்ளும்.

உளுந்து என்ன செய்கிறது?

இப்போது அப்பத்தாவின் முதல் குறைக்கு வருவோம். எங்கள் வீட்டுக் கணக்கு இது: பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்து இரண்டு டம்ளர், தொலி நீக்கிய உளுந்து அரை டம்ளர். அதாவது நாலுக்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியே மூன்று மணி நேரம் ஊற வைக்க வேண்டும்.

ஊறிய உளுந்தைத் தனியாக, தண்ணீரை விரலால் தெளித்துத் தெளித்து ஆட்டினால் அது பொங்கிப் பொங்கி வரும். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். எப்படி மிதக்கிறது? உள்ளே காற்று இருக்கிறது. உளுந்திலுள்ள ஒருவகைப் புரதம் காற்றுக் குமிழைச் சுற்றித் தோல்போல் படிகிறது. அதிலுள்ள வழுவழுப்பான பிசின் போன்ற பொருள் அந்தக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துபோகாமல் தடுக்கிறது. வேறு பருப்புகளில் இந்த இரண்டும் இப்படிப் பொருந்தி வருவது அரிது. கடலைப்பருப்பை எவ்வளவு ஆட்டினாலும் இட்லி வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

அரிசியோடு சேர்த்துப் போட்டு ஆட்டினால் என்ன ஆகும்? அரிசி மசிவதற்குத் தண்ணீர் அதிகம் ஊற்ற வேண்டிவரும். தண்ணீர் கூடினால் குமிழ் நிற்காது. எங்கள் மருமகள் முதல் நாள் செய்தது இதுதான். மாவு நீர்த்துப்போய் எண்ணெயில் பரவி, வளையம் அறுந்து, எண்ணெயைக் குடித்துவிட்டது. இதைச் சரிக்கட்ட இரண்டாம் நாள் உலர்ந்த அரிசிமாவை அள்ளிப் போட்டுக் கெட்டியாக்கினாள். அரிசியின் மாவுச்சத்து சுமார் 70 டிகிரியில் வெந்து இறுகும். குமிழும் இல்லை, உளுந்தின் பங்கும் குறைந்துவிட்டது என்றால் அது இறுகிக் கல்லாகாமல் வேறென்ன ஆகும்?

தீ

மாவு எண்ணெயில் விழுந்ததும் ‘சொய்ய்’ என்று சத்தம் வருகிறதல்லவா? அது எண்ணெயின் சத்தமல்ல, தண்ணீரின் சத்தம். மாவிலுள்ள தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி வெளியே பாய்கிறது. ஒரு கரண்டித் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 கரண்டி இடம் கேட்கும்! அந்த ஆவி உளுந்து பிடித்து வைத்திருந்த குமிழ்களையெல்லாம் ஊதிப் பெரிதாக்குகிறது. அது வெளியே பாய்ந்துகொண்டிருக்கும் வரை எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. உள்ளே ஈரம் இருக்கும் வரை நடுப்பகுதியின் சூடு 100 டிகிரிக்கு மேல் போவதும் இல்லை. தோல் மட்டும் காய்ந்து, அதன் சூடு 140 டிகிரியையும் தாண்டும்போது பொன்னிறமும் மணமும் தோன்றும். புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சேர்ந்து நடத்தும் இந்த வினையைப் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் லூயி கமீல் மயார் 1912-இல் எடுத்துரைத்தார்.

எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் தோல் சட்டென்று இறுகிவிடும். உள்ளே இருப்பவை ஊத முடியாது. குறைவாகக் காய்ந்திருந்தால் ஆவியின் வேகம் போதாது. எண்ணெய் உள்ளே புகும். துளி மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய்ப் படுத்துவிட்டால் காயவில்லை. விழுந்த உடனே மேலே வந்து நிறம் மாறினால் அதிகம். முங்கி, சற்று நின்று, குமிழோடு எழுந்தால் அதுவே பதம்.

இங்கே இன்னொன்றைக் கவனியுங்கள். அதிரச மாவில் வெல்லம் முன்பே கலந்திருக்கும். ஆகவே அதிரசம் மளமளவென்று சிவக்கும். தீயைத் தணித்து வைக்காவிட்டால் கருகும். கருப்பட்டி மிட்டாய் மாவில் இனிப்பே கிடையாது. இனிப்பைப் பிறகு சேர்ப்பதால்தான் அதை மொறுமொறுப்பாகும் வரை நிதானமாகப் பொரிக்க முடிகிறது.

பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நெருப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று. எண்ணெய்ச் சட்டி வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மேலே சொன்ன 1,700 மடங்கு நினைவிருக்கிறதா? எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டால் சட்டியை மூடினால் போதும். காற்றில்லாமல் தீ அடங்கிவிடும். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

பாகு ஏன் உள்ளே ஏறுகிறது?

மூன்றாவது குறை எனக்கு மிகவும் பிடித்தது. பொரித்த வளையத்தைப் பாகில் போட்டால் பாகு தானாகவே உள்ளே போகிறது. யார் தள்ளுகிறார்கள்?

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்திருந்து, துணியால் பிடித்துக் கீழே கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து வையுங்கள். டம்ளர் ஆற ஆற, தட்டிலுள்ள தண்ணீர் உள்ளே ஏறும். கண்ணாடி டம்ளரானால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் வெந்நீர் பட்டு விரிசல் விடாத கண்ணாடியாக இருக்க வேண்டும். உள்ளே இருந்த நீராவி குளிர்ந்து நீராகிவிட்டது, சூடான காற்றும் சுருங்கிவிட்டது. உள்ளழுத்தம் குறைந்ததால் வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

எண்ணெயிலிருந்து எடுத்த வளையத்திலும் இதுவே நடக்கிறது. அதன் அறைகளெல்லாம் நீராவி நிறைந்து கிடக்கின்றன. பாகில் விழுந்ததும் ஆவி குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று பாகை அந்த அறைகளுக்குள் தள்ளிவிடுகிறது. ஆகவே மிட்டாயைத் தட்டில் ஆறவிட்டுப் பிறகு பாகில் போட்டால் ஒன்றும் ஏறாது. அதற்குள் அறைகளில் காற்றோ எண்ணெயோ புகுந்திருக்கும். பாகும் ஆறியிருந்தால் தேன்போலத் தடித்து, நுண்ணிய துளைகளில் நுழைய மறுக்கும். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கொதிபாகாக இருந்தாலும் சரிப்படாது. ஆவி குளிர வேண்டுமே! விரல் பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சூடே ஏற்றது.

பாகின் பதமும் ஒரு கணக்குத்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சர்க்கரைக் கரைசல் செறிவாக ஆக, கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். விரல்களுக்கிடையே ஒற்றைக் கம்பி இழுக்கும்போது சுமார் 105 டிகிரி இருக்கும். நம் பாட்டிமார் வெப்பமானி இல்லாமல் இரண்டு விரல்களால் அளந்தது இதைத்தான். அதற்கு முன்னால் இறக்கினால் பாகிலுள்ள தண்ணீரே தோலை நமுக்கவைத்துவிடும்.

சுண்ணாம்பும் எலுமிச்சையும்

கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கரைத்து வடிகட்டினோம். வடிதுணியில் தூசும் மணலுமாக ஏதோ வெள்ளை வண்டல் நின்றது. “இது என்ன மாமா, சுண்ணாம்பு கணக்கா இருக்கு?” என்றாள். சுண்ணாம்பேதான்!

பனைமரத்தின் பாளையைச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று நீங்களே கணக்கிடலாம். எட்டிலிருந்து பத்து லிட்டர் வரும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஆள் மரமேற வேண்டும். பனையேறிகள் குறைந்துபோன இக்காலத்தில் கருப்பட்டி விலை ஏறி நிற்பதற்கும், அக்காள் பானையை ஒளித்து வைப்பதற்கும் இதுவே காரணம்.

அந்தச் சாற்றைச் சும்மா விட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் அதில் புகுந்துவிடும். அவை முதலில் சுக்ரோஸ் என்ற சர்க்கரையைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக வெட்டுகின்றன. பிறகு அவற்றைச் சாராயமாக மாற்றுகின்றன. அதுவே கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டால் சாறு காரத்தன்மை அடைகிறது. காரத்தில் நுண்ணுயிர்கள் முடங்குகின்றன. சர்க்கரையை வெட்டும் நொதியும் செயலிழக்கிறது. கள்ளாக வேண்டியது பதநீராக நிற்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் கிடைக்கும் அதே சுண்ணாம்புதான். ஆலங்குளத்து மண்ணுக்கடியில் கிடப்பதும், பனையுச்சியில் கலயத்துக்குள் இருப்பதும் ஒரே கால்சியம்!

சுண்ணாம்பு குறைந்துபோன சாற்றைக் காய்ச்சினால் கருப்பட்டி சரியாக இறுகாது, பிசுபிசுக்கும். வெட்டுப்பட்ட சர்க்கரைகள் இடையில் புகுந்து, சுக்ரோஸ் படிகமாக அடுக்குவதைக் கெடுத்துவிடுகின்றன.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். சிலர் கருப்பட்டிக்குப் பதிலாக வெள்ளைச் சீனியில் பாகு வைத்துச் சீனி மிட்டாய் செய்வார்கள். அந்தப் பாகு கொஞ்ச நேரத்தில் பூத்துப்போய் வெள்ளை வெள்ளையாகப் படிகம் கட்டும். அதைத் தடுக்க நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது வழக்கம். எலுமிச்சையின் அமிலம் என்ன செய்கிறது? சூட்டில் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் வெட்டுகிறது! கட்டி வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு போட்டு வெட்டைத் தடுக்கிறோம். பாகு வேண்டிய இடத்தில் எலுமிச்சை விட்டு நாமே வெட்டுகிறோம். கருப்பட்டியில் இந்த வெட்டுப்பட்ட சர்க்கரைகள் இயல்பாகவே கொஞ்சம் இருப்பதால் அதன் பாகுக்கு எலுமிச்சை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

பனங்காட்டுப் பக்கம் போனால் இன்னொரு சோதனையும் செய்யலாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் தடவி உலர்த்துங்கள். ஒரு துண்டைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்தால் சிவக்கும். இன்னொன்றைப் பதநீரில் தோய்த்துப் பாருங்கள். காலையில் இறக்கிய பதநீருக்கும் மாலை வரை வைத்திருந்த பதநீருக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று எழுதி வையுங்கள்.

அக்காள் மனமிரங்கி இன்னொரு கால் கிலோ கருப்பட்டி கொடுத்தாள். உளுந்து தனியாக ஆடியது. பாகு ஒற்றைக் கம்பியில் இறங்கி, சுக்கும் ஏலமும் விழுந்து, அடுப்போரமே இளஞ்சூட்டில் காத்திருந்தது. அக்காள் பிழிந்தாள். முதல் ஈடு கோணல்மாணல். இரண்டாவது ஈட்டில் வளையம் வளையமாக விழுந்தது. சல்லிக் கரண்டியால் அள்ளி எண்ணெய் வடித்து, நேரே பாகில். மூன்று நிமிடம். மருமகள் ஒன்றைக் கடித்தாள். பாகு முழங்கை வரை வழிந்தது.

தட்டில் இரண்டு வைத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனோம். அப்பத்தா வாயில் போட்டு மென்றுவிட்டு, “உப்பு ஒரு கல்லு போட்டிருக்கலாம்” என்றார். மேற்பரப்பு, ஆரம், மூன்று மடங்கு என்று மருமகள் தாளைக் காட்டித் துளையின் கணக்கை விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும். துளை எதுக்குன்னா, சட்டியில இருந்து குச்சியில கோத்து நாலஞ்சா எடுக்கத்தான்” என்றார்.